கொயினா வந்த வழி

சில ஊர்களின் பெயரைக் கேட்டவுடன் ஜனங்கள் ஒரே ஒரு செய்தியை நினைத்துக்கொண்டு மற்றனைத்தையும் மறந்துவிடுகின்றனர். பேராக் நாட்டில் ஈப்போவுக்கு வடகிழக்கே உள்ள தஞ்சோங் ரம்புத்தான் அத்தகையதோர் ஊர். அப்பெயரைச் சொன்னால் 1911-ஆம் ஆண்டில் அங்குத் திறக்கப்பெற்ற மனநோய் மருத்துவ நிலையத்தை நினைத்து நகைப்பவரே பலர். அவ்வூருக்குப் பின்னே ஓங்கி நிற்கும் மலைத்தொடரையும், அதிலிருந்து இறங்கிவரும் கிந்தா ஆற்றையும், அவ்வாற்றை அடுத்த சரிவுகளில் காடு வெட்டிப் பால்மரம் நட்டுக் காய்ச்சலில் மாண்ட தமிழரையும் நினைப்பவர் சிலரே. அம் மலையடிவாரத்துக்கும், பூமியின் மறுபுறத்தில் மேகத்துக்கு மேலாகக் கிடக்கும் பெரு, பொலிவியா என்னும் தேசங்களுக்கும் நெருங்கிய உறவொன்று உண்டு. அதனை நம் தோட்டத்து மக்களும் பட்டணத்து மக்களும் அறிந்திருத்தல் நலமெனக் கருதி ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

முதலில் அத்தேசங்களின் உயரத்தை நாம் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து பார்த்தால் தெரியும் மலைக்கூட்டத்தில் தலைமையானது கொர்பு மலை. அதன் உயரம் 7,162 அடி. நம் தீபகற்பத்தில் தகான் மலை ஒன்று நீங்கலாக அதனினும் உயர்ந்தது வேறில்லை. தாய்நாட்டில் நீலகிரியின் தொட்டபெட்டா 8,650 அடி. இனிப் பெரு தேசத்தைப் பார்ப்போம். அத்தேசத்தின் தென்பகுதியிலுள்ள அரேகிப்பா என்னும் நகரத்துக் கடைத்தெருவே கொர்பு மலையின் உச்சியைவிட உயரத்திலுள்ளது. அங்கிருந்து கிழக்கே சென்றால் 14,000 அடிக்கு மேற்பட்ட கணவாய்களைக் கடந்து, 12,500 அடி உயரத்தில் கடல்போல் விரிந்து கிடக்கும் தித்திகாக்கா ஏரியை அடையலாம். அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையிலுள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. புதிதாய்ச் செல்வார்க்கு மூச்சு வாங்கும், தலை பிளப்பதுபோல் நோகும், குமட்டும். அந்நோயை அந்நாட்டார் சொரொச்சே என்பர். அதற்கு மாற்றாகக் கொக்கா இலையை வாயிலடக்கிக்கொண்டு நடப்பது அம்மக்களின் பழைய வழக்கம்.

இந்த மேட்டுநிலம் கிழக்கு நோக்கித் திடீரெனச் சரிந்து அமேசான் பெருங்காட்டில் இறங்குகிறது. அச்சரிவில், ஏறக்குறைய 5,000 அடிக்கும் 8,000 அடிக்கும் இடையே, எப்பொழுதும் மூடுபனியும் மழையும் நிறைந்த காடுகளில் வளர்வதுதான் சிங்கோனா மரம். கொலம்பியா, எக்குவடோர், பெரு, பொலிவியா முதலிய நாடுகளின் மலைகளிலேயே அஃது இயற்கையாய் வளர்ந்தது. அதன் பட்டையில் உள்ள கசப்பே நம் தோட்டங்களில் ‘கொயினா’ என வழங்கிய மருந்து. குளிர்காய்ச்சல் என்றும் முறைக்காய்ச்சல் என்றும் மலேரியா என்றும் பல பெயர் பெற்ற நோயை அடக்குவதற்கு முந்நூறு ஆண்டுக்காலம் உலகம் முழுவதும் இதனை ஒப்ப வேறு மருந்து இருந்ததில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் இப்பட்டை ஸ்பானியர் மூலமாகவும் ஏசுசபைப் பாதிரிமார் மூலமாகவும் ஐரோப்பாவுக்குச் சென்றது. சின்சோன் என்னும் ஊரின் பிரபுவுடைய மனைவி இப்பட்டையால் பிழைத்தாள் என்றொரு கதை நெடுநாள் வழங்கிற்று. ஆராய்ச்சியாளர் அக்கதை பொய்யென்று பிற்காலத்தில் நாட்டினர். எனினும் லின்னேயஸ் என்னும் தாவர நூலார் 1742-ஆம் ஆண்டில் அச்சீமாட்டியின் பெயரையே, அதுவும் எழுத்துப் பிழையோடு, மரத்துக்கு இட்டுவிட்டார். இம்மரத்தின் சரித்திரத்தில் பெயர் சூட்டும் தவறு அன்றே தொடங்கிவிட்டதென்று சொல்லலாம். வேறொரு வேடிக்கையும் உண்டு. பாதிரிமார் கொண்டுவந்ததாகலின் ‘இது கத்தோலிக்கர் பொடி’ என்று வெறுத்து, காய்ச்சலில் நடுங்கிக் கிடந்த காலத்தும் அதனைத் தொட மறுத்த புராட்டஸ்டண்டு மதத்தார் ஐரோப்பாவில் இருந்தனர். மருந்துக்கும் மதம் பார்க்கும் பேதைமை நம்மவர்க்கே உரியதென்று எண்ணிவிட வேண்டாம்.

1820-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் பெல்லெத்தியே, கவந்து என்னும் இரு ரசாயன நூலார் பட்டையினின்றும் கொயினாவைத் தனியே பிரித்தெடுத்தனர். அதுமுதல் பட்டைக்கு மதிப்பு ஏறிற்று. காட்டிலே மரத்தை வேரோடு வெட்டிச் சாய்த்துப் பட்டையை உரித்தமையால் மரம் அருகிற்று. இந்தியாவிலும் பிற குடியேற்ற நாடுகளிலும் தங்கள் சேனையையும் உத்தியோகஸ்தரையும் காய்ச்சலிலிருந்து காக்க ஆங்கிலேயர் ஆண்டுதோறும் பெரும்பொருள் செலவிட்டு வந்தனர். ஆகவே மரத்தையே கொண்டுபோய்த் தம் நாடுகளில் வளர்ப்பதென்று துணிந்தனர். டச்சுக்காரர் அவர்களுக்கும் முந்தி, 1850-க்குப் பின் ஜாவாவில் அம்முயற்சியைத் தொடங்கியிருந்தனர். இலண்டனில் இந்தியா அலுவலகத்தில் குமாஸ்தாவாயிருந்த கிளெமெண்ட்ஸ் மார்க்கம் என்பார், பெரு தேசத்தில் முன்னரே சுற்றியவரும் அந்நாட்டு கேச்சுவா மொழியைப் பயின்றவருமாதலின், அவ்வேலைக்கு அனுப்பப்பட்டார்.

மார்க்கம் 1860-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லீமா சேர்ந்து, பின் இஸ்லாய்த் துறைமுகத்தில் இறங்கி, அரேகிப்பாவிலிருந்து கோவேறு கழுதைகளோடு மலையேறினார். ஜான் வெய்ர் என்னும் தோட்டக்காரர் ஒருவர் உடன் சென்றார். புனோ நகரத்தையும், மரமொன்றும் முளையாத குளிர்ந்த மேட்டுநிலத்தையும் கடந்து, சாந்தியா என்னும் ஊர் வழியாகத் தம்போபாத்தா ஆற்றுக் காட்டில் அவர்கள் இறங்கினர். அங்குக் கழுதைக்கும் வழியில்லை. கொடிகளை வெட்டிக்கொண்டும், வழுக்கும் பாறைகளைப் பற்றிக்கொண்டும் கால்நடையாகவே செல்ல நேர்ந்தது. சரித்திர நூல்களில் இது ‘மார்க்கம் பிரயாணம்’ எனப்படுகிறது. ஆனால் காட்டினுள்ளே இன்னது சிங்கோனா, அதிலும் இன்னது மருந்துச் சத்து மிக்க கலிசாயா என்று காட்டியவர் மார்த்தினெஸ் என்னும் பட்டை உரிக்கும் தொழிலாளி. மூட்டைகளைச் சுமந்தவர்கள் மலைவாசிகளாகிய பழங்குடியினர். அவர்கள் கண்ணும் காலும் இல்லையேல் மார்க்கம் துரை ஒரு நாற்றையேனும் கண்டிருக்கமாட்டார்.

செய்தி விரைவிற் பரவிற்று. தம் நாட்டுச் செல்வத்தை அந்நியன் கொண்டுபோகின்றான் என்று உள்ளூர் அதிகாரிகள் சினந்து, அவரைத் தடுக்குமாறு ஊருக்கு ஊர் ஆணை விடுத்தனர். மார்க்கம் தோட்டக்காரரை ஒரு வழியாக அனுப்பிவிட்டு, ஐந்நூற்றுக்கு மேற்பட்ட நாற்றுகளோடு தாம் வேறு வழியாக, ஊர்களை விலக்கி, உறைபனி பெய்யும் வெளிகளிற் புகுந்து கடற்கரை சேர்ந்தார். அவ்வளவு பாடுபட்டும் பயனென்ன? நாற்றுகள் பனாமா வழியாக இங்கிலாந்து சென்று, அங்கிருந்து எகிப்து வழியாகச் செங்கடலின் கொடிய வெப்பத்தில் வெந்து, பம்பாயில் காத்துக் கிடந்து, உதகமண்டலம் வந்து சேர்ந்தபின் அனைத்தும் பட்டுப்போயின. நீலகிரியில் நிலைத்தவை வேறு. ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்னும் தாவர நூலார் நோயுற்ற உடம்போடு எக்குவடோர் நாட்டுச் சிம்பொராசோ மலைச் சரிவில் திரட்டி, ராபர்ட் கிராஸ் என்பார் கொண்டுவந்து சேர்த்த சிவப்புப்பட்டை மரத்தின் விதையும் நாற்றுமே 1861-ல் உதகமண்டலத்தில் வேரூன்றின. அவற்றைப் பேணி வளர்த்தவர் அங்கு அரசாங்கத் தோட்டத்தின் தலைவராயிருந்த மக்ஐவர்.

தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. இவ்விடத்தில் மலாயாவாசிகள் கூர்ந்து நோக்கத்தக்க செய்தியொன்றுளது. நடுவட்டத்தில் அத்தோட்டத்தை உண்டாக்கியவர்களில் ஒரு பகுதியார் நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட சீனக் கைதிகள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் என்னும் அவ்வூர்களின் சிறைகளில் இடம் போதாமையால் சென்னை ராஜதானிக்கு அனுப்பப்பெற்று, பின் நீலகிரிக் குளிரில் மரம் நடும் வேலைக்கு அவர்கள் விடப்பட்டனர். தண்டனை தீர்ந்தபின் சிலர் அங்கேயே தங்கி, ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்தனர். அக்குடும்பங்களைப் பிற்காலத்தில் தாம் நேரிற் கண்டதாக எட்கர் தர்ஸ்டன் தமது 1909-ஆம் ஆண்டு நூலில் எழுதியிருக்கின்றார். தமிழர் கடல் கடந்து மலாயாவுக்கு வந்த அதே காலத்தில், மலாயாவிலிருந்து சீனர் கடல் கடந்து தமிழ் மலைக்குச் சென்று, பின்னாளில் தமிழருக்குப் பயன்படவிருந்த மருந்து மரத்தை நட்டனர். இன்று நடுவட்டத்தில் அப்பழைய சிறைக் கட்டடத்தைப் பார்க்கலாம்.

நிற்க. சிவப்புப்பட்டையில் கொயினாச் சத்து அதிகமில்லை. உலகத்துக்குக் கொயினாவை மலிவாக்கிய விதை வேறொரு வழியில் வந்தது. அதனைச் சொல்லுங்கால் எமக்கு மனம் கனக்கிறது.

சார்ல்ஸ் லெட்ஜர் என்னும் ஆங்கிலேய வியாபாரி தித்திகாக்கா ஏரிப் பக்கத்தில் தொழில் நடத்தினார். அவரிடம் மானுவேல் இன்க்ரா மாமானி என்னும் ஐமாரா இனத்துப் பெரியார் ஒருவர் பல ஆண்டு உழைத்தார். பட்டை மரங்களைப் பற்றிய அறிவில் மாமானிக்கு நிகரில்லை. கலிசாயா இனத்திலும் எம்மரத்தின் பட்டை சிறந்ததென்று அவர் அறிவார். நல்ல மரங்கள் பூத்துக் காய்க்கும் காலத்தில் உறைபனி வந்து ஆண்டுதோறும் விதையை அழித்தமையால், பழுதற்ற விதைக்காக அவர் பொலிவியாவின் கிழக்குச் சரிவுக் காடுகளில் பல ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 1865-ல் அவ்விதை கிடைத்தது. அதனைக் கொண்டு பனிமலைத் தொடரைக் கடந்து கடலோரத் தாக்னா வரையிலும் அவர் வந்தார். அவர் நடந்த தூரம் ஏறக்குறைய ஆயிரம் மைல் என்று லெட்ஜர் எழுதி வைத்திருக்கின்றார்.

விதை இலண்டனுக்குச் சென்றது. ஆங்கில அரசாங்கத்தார் வாங்க மறுத்தனர். டச்சு அரசாங்கத்தார் ஏறக்குறைய ஒரு ராத்தல் விதையைச் சிறுவிலைக்கு வாங்கினர். எஞ்சியது இந்தியாவில் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடம் சென்றது. ஜாவாவில் முளைத்த அம்மரங்களின் பட்டையில் வேறெந்த மரத்திலும் காணாத அளவு, நூற்றுக்குப் பத்துக்கு மேலும் கொயினா இருக்கக் கண்டனர். அதனால் 1930-களில் உலகத்துக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாவிலிருந்தே வந்தது. லெட்ஜருக்கு முதுமையில் டச்சு அரசாங்கம் உபகாரச் சம்பளம் அளித்தது. மரத்துக்கும் ‘லெட்ஜெரியானா’ என்று அவர் பெயரே இடப்பட்டது.

மாமானிக்குக் கிடைத்தது யாது? மறுபடியும் விதை திரட்டச் சென்ற அவரைக் கொரோய்க்கோ என்னும் ஊர் அதிகாரி பிடித்துச் சிறையிலிட்டான். யாருக்காக விதை எடுத்தாய் என்று கேட்டு அடித்தனர். உணவும் சரிவரக் கொடுத்திலர். அவர் வெளியே வந்தபொழுது அவருடைய கழுதைகளும் கம்பளியும் பறிக்கப்பட்டிருந்தன. பட்ட அடியால் 1871-ஆம் ஆண்டளவில் அவர் உயிர் நீத்தார். ‘தம் தேசத்தின் செல்வத்தை அந்நியனுக்குக் கொடுத்தவர்தாமே’ என்று அவரைக் குறை கூறுவாரும் உளர். ஆனால் அச்செல்வத்தினால் அவர் இனத்தார் கண்ட பயன் என்ன? பட்டையைக் காட்டிலிருந்து உரித்துச் சுமந்தவர்கள் அவர்கள். அதை விற்றுப் பணம் சேர்த்தவர்கள் நகரத்து வியாபாரிகளும் அவர்கள்பால் வரி வாங்கிய அரசாங்கத்தாருமே. இரு பக்கத்துப் பலவான்கள் நடத்திய வழக்கில் அடிபட்டவர் வழி நடந்த ஏழை.

இனி இந்த மலைவழி நம் தோட்டத்துக்கு எங்ஙனம் வந்து சேர்ந்ததென்று பார்ப்போம். சிங்கோனாவை எடுத்துவந்த அதே மார்க்கம், இந்தியா அலுவலகத்தில் இருந்துகொண்டு, அமேசான் காட்டு ரப்பர் மரத்தையும் கொண்டுவர வேண்டுமென்று முனைந்தார். ஹென்றி விக்கம் என்பார் 1876-ல் ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைப் பிரேசிலிலிருந்து இலண்டனையடுத்த கியூ தோட்டத்துக்குக் கொணர்ந்தார். சிங்கோனாவுக்காக அனுப்பப்பெற்ற ராபர்ட் கிராஸ் அவ்வாண்டிலேயே ரப்பருக்காகவும் சென்றார். முளைத்தவற்றுட் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் 9 கன்றுகளை ரெசிடெண்டு ஹியூ லோ நம் பேராக் நாட்டுக் கோலகங்சாரில் நட்டார். ஆகவே தமிழனை மலாயாவுக்கு அழைத்த மரமும், வந்த தமிழனைக் காய்ச்சலிலிருந்து காத்த மரமும் தென்னமெரிக்காவின் ஒரே பெருமலைத் தொடருக்குக் கிழக்கேயும் அதன் சரிவிலும் பிறந்தவை. ஒரே அலுவலகத்தின் ஏற்பாட்டால் ஆசியாவுக்கு வந்தவை. ஒன்று நம்மை அழைத்திராவிட்டால் மற்றொன்று நமக்கு இவ்வளவு வேண்டியிருந்திராது.

இவ்வுண்மையைச் சற்று விரித்துரைப்போம். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறதென்று ரொனால்டு ராஸ் 1897-ல் சிகந்தராபாத்தில் கண்டார். 1901 முதல் கிள்ளானில் உழைத்த வைத்தியர் மால்கம் வாட்சன், மலாயாவில் அதன் நுட்பத்தை ஆராய்ந்தார். கடலோரத்துத் தாழ்ந்த நிலங்களில் காய்ச்சலைப் பரப்பும் கொசு நிழல் மூடிய சதுப்பில் வாழ்வது. அங்கே காட்டை வெட்டி வடிகால் எடுத்தால் காய்ச்சல் குறைந்தது. மலையடிவாரத்திலோ நேர்மாறு. அங்குள்ள கொசு வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது. காடு மூடியிருந்தவரையில் ஓடையில் வெயில் படவில்லை, கொசுவும் பெருகவில்லை. ரப்பருக்காகச் சரிவுகளை வெட்டித் திறந்தவுடன் ஓடைதோறும் கொசு பெருகிற்று. காட்டை வெட்டிய தமிழன் தன் கோடரியாலேயே தன் காய்ச்சலுக்கு வாயில் திறந்தான். அஃது அவனுக்குத் தெரியாது. ஓராண்டில் பத்தில் ஒருவர் மாண்ட தோட்டங்களும் மலாயாவில் இருந்தன. கிந்தாவின் மேற்பகுதியைப்போல் மலையும் ஓடையும் கலந்த நிலம் இக்கொசுவுக்கு ஏற்ற இடம் என்பது, தஞ்சோங் ரம்புத்தான் சுற்றுப்புறத்தைப் பார்த்தவர்க்குச் சொல்லாமலே விளங்கும்.

அக்காலத்தில் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டுக்கு நிற்கும் ஆண் பெண் அனைவர்க்கும் கொயினா நீர் கொடுக்கும் வழக்கம் பலவிடங்களில் இருந்தது. கங்காணி அருகே நிற்பார்; டிரசர் ஊற்றுவார்; விழுங்கினதைக் கண்ட பிறகே ஆளை விடுவர். காது இரையும், வாய் நாள் முழுதும் கசக்கும். அப்பால் சென்று துப்பிவிடுவாரும் இருந்தனர். வீட்டில் நடுங்கிக் கிடக்கும் குழந்தைக்கு மருந்தை மறுத்து, தெய்வக் குற்றமென்று கயிறு கட்டி, வேப்பிலை அடித்து, கடன் வாங்கிப் படையல் போட்டு, கடைசியிற் குழந்தையையும் இழந்த பெற்றோர் எத்தனை பேர்! அவர்களை ஏசுவதற்காக இதனைச் சொல்லவில்லை. கசப்பு நீரை ஊற்றியவர்கள் அஃது என்னவென்றும், எதற்கென்றும், எத்தனை நாளென்றும் அவர்களுக்குத் தமிழில் அமர்ந்து சொல்லியிருந்தால் பலர் கேட்டிருப்பர். படிப்பில்லாதவனுக்கு மருந்தும் ஒரு தண்டனைபோலவே தோன்றும்.

மற்றொன்றும் மறைக்காமற் சொல்ல வேண்டும். கொயினா தயையினால் மட்டும் வழங்கப்பட்டதன்று. படுத்த ஆள் மரம் வெட்டான். மாண்ட ஆளுக்குப் பதில் வேறோர் ஆளைக் கப்பலேற்றி வரவழைக்கப் பணம் வேண்டும். ஆதலின் முதலாளிக்கும் அதில் இலாபமிருந்தது. மார்க்கம் இந்தியக் குடியானவர்க்கு மருந்து மலிவாய்க் கிடைக்க வேண்டுமென்று எழுதியவர்தாம். அந்நல்லெண்ணத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் கொயினா மட்டும் மலாயாவில் மலேரியாவை ஒழிக்கவில்லை. ஓடைகளை மண்ணுக்கடியில் குழாயிட்டு மறைத்ததும், தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்ததும், வீடுகளை நல்ல இடத்தில் கட்டியதுமே பெரும்பயன் தந்தன. அக்கால்வாய்களை வெட்டியவர்களும், முதுகில் எண்ணெய்த் தகரம் சுமந்து ஓடை ஓடையாய்த் தெளித்தவர்களும் கூலிக்கு வேலை செய்த நம்மவரே.

கொயினாவின் அருமை 1942-ல் விளங்கிற்று. ஜப்பானியர் மலாயாவையும் ஜாவாவையும் பிடித்தனர். உலகத்துக் கொயினாவின் ஊற்று அவர்கள் கையிற் சிக்கிற்று. ஜாவா நமக்குப் பக்கத்திலேயே இருந்தும் தோட்டத்துத் தமிழர்க்கு அம்மருந்து எட்டாக்கனியாயிற்று. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு, வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பசியாலும் காட்டிடையே மடிந்தனர். அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மாண்டவர்க்குப் பெரும்பாலும் கல்லறையுமில்லை, பெயர்ப்பட்டியலுமில்லை. வெள்ளைக்காரக் கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாய்ப் பெயரோடு நிற்க, நம்மவர் எண்ணிக்கையைக்கூட ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கின்றது.

போருக்குப்பின் குளோரோகுயின் முதலிய புது மருந்துகளும் பூச்சிமருந்தும் வந்தன. சீன நாட்டு மூலிகையொன்றிலிருந்து ஆர்ட்டெமிசினினைக் கண்ட தூ யூயூ அம்மையார்க்கு 2015-ல் நோபெல் பரிசு கிடைத்தது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவில் உள்நாட்டில் தோன்றவில்லை. குரங்கிலிருந்து வரும் ஒருவகை மட்டும் காட்டோரங்களில் இன்னும் உண்டு. பாட்டனார் நடுங்கிக் கிடந்த இடத்திற் பேரப்பிள்ளைகள் கொயினா என்னும் சொல்லையே அறியாமல் வளர்வது பெரும்பேறே. ஆயினும் நோய் போனதோடு நோயுற்றவர் நினைவும் போய்விடலாகாது.

இக்காலத்து இளைஞர் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, கையில் சிறுபொருளோடு, பெருவிலும் பொலிவியாவிலும் பேருந்தேறியும் நடந்தும் நாடு பார்க்கச் செல்கின்றனர். மார்க்கம் நாட்கணக்கிற் கழுதைமேல் ஏறிய அரேகிப்பா - புனோ வழியை இப்பொழுது சில மணி நேரத்திற் பேருந்து கடக்கின்றது. நம் ஈப்போ இளைஞர் எவரேனும் அவ்வழி செல்லக்கூடுமானால் அவர்க்குச் சில சொல்ல விரும்புகின்றோம். பெரு தேசத்தின் அரசுச் சின்னத்தைப் பாருங்கள். அதில் ஒரு மரம் இருக்கும். 1825 முதல் அத்தேசத்தார் தங்கள் சின்னத்தில் வைத்துப் போற்றும் அம்மரம் சிங்கோனாவே. லாபாஸ் நகரிலிருந்து பனிக்கணவாய் ஏறி, பின் செங்குத்தாய் இறங்கினால் கொரோய்க்கோ வரும். பசுமை சூழ்ந்த அழகிய மலையூர் என்று பிரயாணிகள் அங்கே இரண்டொரு நாள் தங்கி இளைப்பாறுவது வழக்கம். நீங்களும் இளைப்பாறுங்கள். மாமானி அடிபட்டுக் கிடந்த ஊர் அதுவே என்பதையும் நினையுங்கள். அம்மலைநாட்டில் மூலிகைப் பையைத் தோளில் மாட்டி ஊர் ஊராய் நடந்து வைத்தியம் செய்த கல்லாவாயா என்னும் மருத்துவர் மரபு இன்னும் அழியவில்லை. அவர்களைக் கண்டால் மதிப்போடு பேசுங்கள். நம் சித்த வைத்தியர்க்கு அவர்கள் உறவினர் போல்வார்.

கடல் கடந்து போக இயலாதவர்க்கும் செய்யத்தக்க பணி ஒன்று வீட்டருகிலேயே இருக்கின்றது. பேராக்கில் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன; செக்ரோல் ஏடுகள் கரையானுக்கு இரையாயின; இடுகாடுகளிற் புதர் மண்டிற்று. ஆனால் தோட்டத்தின் பெயரும் துரையின் பெயரும் தெருப்பலகைகளிலும் அரசாங்க ஏடுகளிலும் நிற்கும். மரத்துக்கு லெட்ஜர் பெயர் நிலைத்து மாமானி பெயர் மறைந்த கதை இங்கும் நடக்கின்றது. ஒரு வேற்றுமை உண்டு. மாமானியின் பெயரை லெட்ஜரேனும் ஒரு கடிதத்தில் எழுதி வைத்தார். ஆதலால் நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் தமிழில் அவரைப் பற்றி நாம் எழுத முடிந்தது. நம் பாட்டன் பாட்டிமார் பெயரை யார் எழுதி வைத்தார்?

ஆகவே தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களையும், வாசகசாலை இளைஞர்களையும், பட்டணத்துச் சங்கத்தாரையும் நாம் வேண்டிக்கொள்வது இதுவே. உங்கள் ஊரில் எண்பது வயது கடந்த பெரியவர் இருப்பின் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவரிடம் செல்லுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஓடை, யார் யார் காய்ச்சலில் இறந்தனர், யார் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை, கால்வாய் வெட்டியவர் யார், எண்ணெய் தெளித்தவர் யார், பிரசவம் பார்த்த கிழவி யார் என்று கேட்டு, சாதிப் பட்டத்தை விட்டுப் பெயரை மட்டும் எழுதுங்கள். இடுகாட்டிற் புதரை நீக்கி, எழுத்துத் தெரியும் கற்களிலுள்ள பெயர்களைப் படித்தெழுதுங்கள். ஒரு தோட்டத்துக்கு ஐம்பது பெயர் கிடைத்தாலும் அது பெருஞ்செல்வம். அந்த நோட்டுப் புத்தகத்தில் ஒரு படியைப் பள்ளியிலும் மற்றொரு படியை ஊர் வாசகசாலையிலும் வைப்பீர்களானால், நாளை இந்நாட்டுச் சரித்திரத்தை எழுதுவோர் கிந்தாவின் மலையடிவாரத்தைப் பற்றி எழுதுங்கால், துரைமார் பெயரோடு நம்மவர் பெயரையும் எழுதியே தீரவேண்டி வரும்.